மூன்று புள்ளிக் கத்தி

"எல்லாம் எழுதியிருக்கீங்க சார். என் பேரை மட்டும் விட்டுட்டீங்களே."

2009ஆம் ஆண்டின் ஒரு பிற்பகலில், பழவேற்காட்டுக் கடைத்தெருவின் பின்புறம், தகரக் கூரை போட்ட ஒரு கொல்லுப்பட்டறையில் இந்த வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். சொன்னவரின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஏதேனும் சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். ஒரு பட்டியலில் விடுபட்டதைச் சுட்டிக்காட்டுவது போலத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நடந்தது இதுதான். அதற்கு முந்தைய ஆண்டு, நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக மாணவர்களை அழைத்துக்கொண்டு லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டில், கலங்கரை விளக்கத்தின் காலடியில் இருக்கிற ஊர் அது. கிழக்கே நடந்தால் வங்கக்கடல். மேற்கே திரும்பினால் ஏரி, அதற்கு அப்பால் பழவேற்காடு. சுனாமி வந்துபோய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மாணவர்கள் பனங்கன்று நட்டார்கள், தெருக்கூட்டினார்கள், மாலையில் சொற்பொழிவு கேட்டுத் தூங்கினார்கள். எனக்கு வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லாததால் காலை நேரங்களில் மீன் வந்து இறங்கும் இடத்தில் போய் நிற்பேன்.

அங்கேதான் அந்த அக்காவைப் பார்த்தேன். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். இடக்கைக்காரர். சுற்றியிருந்த மற்ற பெண்கள் அரிவாள்மனையைக் காலால் அழுத்திக்கொண்டு மீன் அரிய, இவர் மட்டும் ஒரு மரக்கட்டையின் மேல் வைத்துக் கனத்த கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தார். கொடுவாயின் செதிலைக் கத்தியின் முதுகால் சுரண்டுவார். அதே கத்தியின் நுனியால் குடலை எடுப்பார். தலையைப் பிளக்கக் கத்தியை ஓங்குவதில்லை, வைத்து ஒரு அழுத்து, அவ்வளவுதான். வகுப்பறையில் நெய்தல் திணை நடத்துகிறபோது மீனுணக்கும் மகளிரைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் கையில் என்ன இருந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"அந்தக் கத்தியைக் கொஞ்சம் காட்டுறீங்களாக்கா?" என்றேன்.

"மீன் வாங்க வந்தியா, கத்தி வாங்க வந்தியா வாத்தியாரே?" என்று கேட்டுவிட்டு, சேலைத் தலைப்பில் துடைத்துக் கொடுத்தார்.

கத்தியின் ஒரு பக்கம் பலகை போலத் தட்டையாக இருந்தது. மறு பக்கம் மட்டும் சரிந்து விளிம்பில் போய் முடிந்தது. கைப்பிடியில் வலை பின்னும் நைலான் நூலை நெருக்கமாகச் சுற்றி இறுக்கியிருந்தார்கள். பிடிக்குச் சற்று மேலே, உளியால் பொறித்த மூன்று புள்ளிகள். அடுப்புக்கல் போல முக்கோணமாக நின்றன. "இது எனக்குன்னு அடிச்சது. வேற ஆளு கைல குடுத்தா வெட்டாது" என்றார் அக்கா. அது பெருமைக்குச் சொன்னதல்ல, உண்மை என்று பிறகு தெரிந்துகொண்டேன். சரிவு இடப்பக்கம் இருந்தது. வலக்கையால் பிடித்து வெட்டினால் கத்தி மீனுக்குள் கோணலாக இறங்கும்.

மறுநாளே பாலத்தைத் தாண்டிப் போய் ஆச்சாரியைக் கண்டுபிடித்துவிட்டேன். மூன்று புள்ளி என்றதும் கடைத்தெருவில் முதல் ஆளே வழி காட்டினார். பட்டறையில் ஓர் உலை, ஒரு பட்டடைக்கல், சுவரோரம் லாரிகளிலிருந்து கழற்றிய வில்பட்டைகளின் குவியல். துருத்தி மூலையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. அதன் வேலையை மின்சாரக் காற்றாடி எடுத்துக்கொண்டுவிட்டது. பட்டையை உளிவைத்து வெட்டி, செக்கச் சிவக்கக் காய்ச்சி, சம்மட்டியால் நீட்டி, அரம் போட்டு, கடைசியாக வாய்ப்பகுதியை மட்டும் பழைய என்ஜின் ஆயிலில் தோய்ப்பார். தண்ணீரில் தோய்த்தால் லாரிப் பட்டை விரிசல் விடும் என்றார். தோய்த்து எடுத்தபின் முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்க்கு இறங்கும். அப்போது இரும்பின் மேல் வைக்கோல் நிறம் ஓடி வரும். அந்த நிறம் விளிம்பைத் தொடுகிற கணத்தில் மறுபடி முக்க வேண்டும். நீலம் வந்துவிட்டால் கத்தி மழுங்கிப் போகும். "கண்ணுதான் சார் கணக்கு" என்றார்.

ஆள் அளவெடுக்கிற முறை இன்னும் அழகு. வருகிறவரின் உள்ளங்கையைச் சுற்றி ஒரு பனையோலைத் துண்டைப் பிடித்து, நகத்தால் கீறி, கூரையில் செருகிவைப்பார். தகரத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் அப்படி நாற்பது ஐம்பது ஓலைகள் காய்ந்துகொண்டிருந்தன. எது யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

ஊருக்குத் திரும்பி வந்து ஒரு கட்டுரை எழுதினேன். ஒரு சிற்றிதழ் அதை வெளியிட்டது. (இதழின் பெயர் எதற்கு? அது நின்றுபோய் நாளாயிற்று.) கட்டுரையில் புறநானூறு இருந்தது, பொன்முடியார் இருந்தார், வேல் வடிப்பது கொல்லனின் கடமை என்று ஒரு தாய் வகுத்துச் சொல்வதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. ஓலை அளவும் வைக்கோல் நிறமும்கூட இருந்தன. 'கொல்லர்' என்ற சொல் பதினேழு இடங்களில் வந்திருந்தது; பிற்பாடு எண்ணிப் பார்த்தேன். அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. வேண்டுமென்று விட்டதல்ல. எழுதுகிறபோது அது தோன்றவே இல்லை. என் பெயர் தலைப்புக்குக் கீழே தடித்த எழுத்தில் இருந்தது.

இதழின் ஒரு பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மகளை அழைத்து வாசிக்கச் சொல்லி முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்ன வாக்கியம்தான் முதலில் நான் எழுதியது.

அன்று என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கத்தி வேண்டும் என்றேன். யாருக்கு என்று கேட்டார். என் மனைவிக்கு என்றதும் ஒரு பச்சை ஓலையைக் கிழித்துக் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மனைவியின் கையை அளந்து, அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். 120 ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்தக் கத்தி இன்றும் எங்கள் சமையலறையில் இருக்கிறது.

*

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில், அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். கணிப்பொறித் துறைக்காரன். கத்தி சேகரிப்பது அவன் பொழுதுபோக்கு என்று கேள்விப்பட்டபோது எங்கள் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் பயந்தோம். சமையலறையில் தண்ணீர் குடிக்கப் போனவன் அந்தக் கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். விளிம்பைக் கண்ணருகே வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"சித்தப்பா, இது கஸ்டம் நைஃப். யார் செஞ்சது?"

ஒருவரின் கைக்கென்று, ஒருவரே தொடக்கம் முதல் முடிவு வரை செய்கிற கத்திக்கு அங்கே அப்படிப் பெயராம். அதற்கென்று தனி உலகமே இருக்கிறது என்பதை அந்த இரண்டு வாரத்தில் அவன் கொண்டுவந்திருந்த பத்திரிகைகளின் வழியாகத் தெரிந்துகொண்டேன். 1973இல் 'தி அமெரிக்கன் பிளேடு' என்று தொடங்கி, பின்னர் 'பிளேடு' என்று பெயர் சுருங்கிய இதழ். கென் வார்னர் 1981ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து தொகுக்கத் தொடங்கிய 'நைவ்ஸ்' என்னும் ஆண்டு மலர். மலரைப் புரட்டியபோது எனக்கு வந்த வியப்பு வேறு வகையானது. பக்கத்துக்குப் பக்கம் கத்திகளின் படங்கள்; ஒவ்வொரு படத்தின் கீழும் செய்தவர் பெயர், எஃகின் வகை, பிடியின் மரம். கடைசியில் கத்தி செய்வோரின் பெயர்க் கோவையே பல பக்கங்களுக்கு ஓடுகிறது. நம்முடைய புலவர் அகராதிகளைத் தவிர வேறெங்கும் இப்படி ஒரு பெயர்த்தொகையை நான் பார்த்ததில்லை.

இவர்களெல்லாம் எப்படி இதற்குள் வருகிறார்கள், ஆசிரியர் குழு ஊர் ஊராகத் தேடிப் போகிறதா என்று கேட்டேன். சிரித்தான். யாரும் தேடி வரமாட்டார்கள், செய்தவன்தான் அனுப்ப வேண்டும் என்றான். அவன் சொன்னதையும் அந்த இதழ்களில் நான் வாசித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். முதலில் வேண்டியது படம். கத்தியைப் படமெடுப்பது கண்ணாடியைப் படமெடுப்பது போல. அறையில் உள்ள அத்தனையும் அதில் தெரியும். வெளிச்சத்தை வெள்ளைத் துணியாலோ பால்நிறக் காகிதத்தாலோ வடிகட்டி விட வேண்டும்; பின்னணி ஒற்றை நிறமாக இருக்க வேண்டும்; முழுக் கத்தியும் நுனி முதல் பிடி வரை சட்டத்துக்குள் வர வேண்டும். படத்தோடு நீளம், எஃகு, பிடி, விலை, முகவரி எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். குறிப்பு இல்லாத நல்ல படத்தை எந்த ஆசிரியரும் ஓரமாக வைத்துவிடுவார். அடுத்தது முத்திரை. ஒவ்வொரு கத்தியிலும் செய்தவனின் அடையாளம் பொறித்திருக்க வேண்டும், அதை ஆண்டுக்கு ஒருதரம் மாற்றக்கூடாது. அப்புறம் கண்காட்சி. ஜூன் மாதம் அட்லாண்டாவில் கூடும் பெரிய சந்தையில் ஆசிரியர்களும் எழுதுகிறவர்களும் மேசை மேசையாக நடப்பார்களாம். ஒரு கடிதம் செய்யாததை அங்கே ஒரு கைகுலுக்கல் செய்யும். எல்லாவற்றையும்விட நல்ல வழி, தனக்குத் தெரிந்த ஒரு நுட்பத்தைத் தானே கட்டுரையாக எழுதி அனுப்புவது. 'நான் நல்ல கத்தி செய்கிறேன்' என்பதில் ஆசிரியருக்கு ஒன்றும் இல்லை. 'லாரிப் பட்டையை ஏன் எண்ணெயில் தோய்க்க வேண்டும்' என்பதில் இருக்கிறது.

இதற்கு அவன் சொன்ன உதாரணம் எனக்குப் பிடித்திருந்தது. பில் மொரான் என்ற அமெரிக்கக் கொல்லர் 1973இல் கத்தி செய்வோர் சங்கத்தின் கண்காட்சிக்கு, அங்கே மறந்துபோயிருந்த டமாஸ்கஸ் வேலைப்பாட்டில் சில கத்திகளைச் செய்து கொண்டுபோனார். கூடவே, செய்முறையை விளக்கும் ஒரு சிறு நூலையும் வந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். தொழில் ரகசியத்தை வாரி இறைத்த அந்த மனிதர் 1976இல் தொடங்கிய கொல்லர் சங்கம் இன்றும் இருக்கிறது. அதில் தேறுவதற்குச் செய்கிற சோதனையைக் கேட்டால் நம் கம்மியர்கள் ரசிப்பார்கள். தொங்கவிட்ட ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். மரச்சட்டம் ஒன்றை இருமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதற்குப் பிறகும் அந்தக் கத்தி கையிலுள்ள மயிரை மழிக்க வேண்டும். கடைசியில் இடுக்கியில் பிடித்து 90 பாகை வளைத்தால் ஒடியக்கூடாது. வாய் கடினமாகவும் முதுகு இளக்கமாகவும் இருந்தால்தான் இது முடியும். நிறம் ஓடுவதைக் கண்ணால் பார்த்து ஆச்சாரி செய்கிற காரியத்தின் நோக்கமும் அதுதான். அவர்கள் 5160 என்று எண் போட்டுப் படத்தின் கீழ் பெருமையோடு அச்சிடுகிற எஃகு, வண்டிகளின் வில்லுக்குப் பயன்படுகிற எஃகேதான். நம் ஊரில் அதற்குப் பழைய இரும்பு என்று பெயர்.

டமாஸ்கஸ் என்றதும் நமக்கு ஓர் உரிமைக்குரல் எழும். நியாயம்தான். அந்தப் பெயர்பெற்ற பழைய வாள்களுக்கு மூலப்பொருள் தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய எஃகு. கன்னடத்தில் உக்கு, நம்மிடம் உருக்கு, ஆங்கிலேயர் வாயில் ஊட்ஸ். 1790களில் பம்பாயிலிருந்து டாக்டர் ஸ்காட் அதன் கட்டிகளை லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். 1795இல் ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றி ஆய்வுரை எழுதினார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் லண்டன் கத்திக்கடைக்காரர் ஐரோப்பிய எஃகைவிட இந்திய எஃகே மேல் என்று தன் கடையின் விளம்பர அட்டையிலேயே போட்டுக்கொண்டார். பிறகு அவரோடு சேர்ந்து உருக்குக் கலவைகளை ஆராய்ந்து 1820இல் கட்டுரை வெளியிட்டவர் மைக்கேல் ஃபாரடே. ஃபாரடே ஒரு கொல்லரின் மகன் என்பதைப் பலரும் அறிந்திருக்கமாட்டார்கள். அனுப்பியவர் பெயர் இருக்கிறது, ஆராய்ந்தவர் பெயர் இருக்கிறது, விற்றவர் பெயர் இருக்கிறது. உருக்கியவர் யாரென்று அந்த ஆய்வுரைகளில் இல்லை. 1795க்கும் 2009க்கும் நடுவே எத்தனையோ மாறியிருக்கிறது. என் கட்டுரை அந்த வரிசையில் ஒழுங்காகப் போய் நின்றுகொண்டது.

சங்கப் புலவர்களிலேயே கொல்லர்கள் உண்டு. தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் என்று ஒருவர்; அவருக்கு ஊரும் தொழிலும் பெயரும் சேர்ந்து மிஞ்சின. மதுரைப் பெருங்கொல்லன் என்று இன்னொருவர். அவருக்கு ஊரும் தொழிலும் மட்டும். பாட்டு எழுதியதால் இவ்வளவாவது கிடைத்தது.

*

அண்ணன் மகன் போனபின் எனக்கு ஒரு வெறி பிடித்துக்கொண்டது என்றே சொல்ல வேண்டும். ஆச்சாரியின் கத்தியை அந்த ஆண்டு மலருக்கு அனுப்புவது, அதற்கு முன் தமிழில் ஓர் இதழில் படத்தோடு எழுதுவது. இம்முறை முதல் வரியிலேயே அவர் பெயர்.

தமிழ் இதழ்களில் இதற்கு எங்கே இடம் என்று யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. நம்முடைய அச்சுக்குள் ஒரு கொல்லன் நுழைய இரண்டே வாசல்கள் இருக்கின்றன. ஒன்று 'நலிந்துவரும் கைத்தொழில்' என்கிற வாசல். அதில் அவன் வறுமையும் கண்ணீரும் வேண்டும். அவன் செய்த பொருள் நன்றாக இருக்கிறதா என்று எவரும் கேட்கமாட்டார்கள். இன்னொன்று குற்றச்செய்தி. அதில் கத்தி வரும், அதன் நீளம்கூட வரும். திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு 2005இல் ஒரு திரைப்படமே பெயர் வைத்துக்கொண்டு வந்தது. ஊருக்குப் பேர் கிடைத்தது. அங்கே அரிவாள் அடிக்கிற ஒருவர் பெயரையாவது நம்மில் யாருக்கேனும் தெரியுமா? ஒரு கவிதைத் தொகுப்புக்கு நாலு மதிப்புரை எழுதுகிற நாம் ஒரு கத்திக்கு ஒரு மதிப்புரை எழுதியதில்லை. இது நன்றாக வந்திருக்கிறது, இந்த இடத்தில் சறுக்கியிருக்கிறது, இவரது முந்தைய வேலையைவிட இது மேல் என்று சொல்வதற்கான மொழியே நம்மிடம் இல்லை. அந்த மொழி மீனக்காவிடம் இருக்கிறது. அவரிடம் யாரும் கட்டுரை கேட்பதில்லை.

2023 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை பழவேற்காடு போனேன். ஆச்சாரிக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. கண்ணாடி போட்டிருந்தார். கூரையில் ஓலைகள் குறைந்திருந்தன. காபி வாங்கி வரச் சொன்னார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அமெரிக்கப் பத்திரிகையை விரித்துக் காட்டினேன்.

"இதுக்கு இன்னா பேரு சார்?"

"கஸ்டம் கத்தின்னு சொல்றாங்க."

"கஷ்டம் கத்தியா? சரியாத்தான் வெச்சிருக்கான்."

பக்கங்களை மெதுவாகப் புரட்டினார். பிடியில் மான்கொம்பு பதித்த ஒரு கத்தியின் மேல் விரலை வைத்து, "நல்லா அரம் போட்டிருக்கான்" என்றார். இன்னொன்றைப் பார்த்து, "இது வேலைக்கு ஆவாது, கண்ணாடிப் பொட்டில வைக்கலாம்" என்றார். எனக்கு ஔவையார் ஞாபகம் வந்தார். இந்த ஏரிக்கரையும் தொண்டை மண்டலம்தான். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் மயிற்பீலி சூட்டி, மாலை அணிவித்து, நெய் பூசிக் காவலோடு வைத்திருந்த ஆயுதங்களைப் பார்த்துவிட்டு, அதியமானின் வேல்களோ குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு குடிலில் கிடக்கின்றன என்று சொன்னாரே, அந்தப் பாட்டு. எத்தனையோ ஆண்டுகளாக அதை அங்கதம் என்று நடத்தி வருகிறேன். அன்றுதான் அந்தப் பாட்டின் நடுவில் வரும் சிறு குடிலுக்குள் உட்கார்ந்திருந்தேன்.

"இந்தத் தடவை உங்க பேரு, ஊரு, படம் எல்லாம் வரும் ஆச்சாரி" என்றேன்.

பத்திரிகையை மூடி என் பக்கம் நகர்த்தினார்.

"பேரு வாணாம் சார்."

2009இல் விட்டுப்போனதற்குக் கோபமா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு முழுவதும் காவல்துறை ரௌடிகளைத் தேடிப் பிடித்ததும் கத்திகளையும் அரிவாள்களையும் கைப்பற்றியதும் செய்திகளில் வந்தது நினைவிருக்கலாம். கத்தி செய்கிறவர்களும் விற்கிறவர்களும் வாங்குவோரின் பெயர், முகவரியைக் குறித்து வைக்க வேண்டும் என்று அப்போது அறிவுறுத்தினார்கள். அவர் பட்டறைக்கும் வந்து சொன்னார்களாம். மரியாதையாகத்தான் சொன்னார்கள் என்றார். அன்றிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைத்திருக்கிறார். எடுத்துக் காட்டினார். மகளின் கையெழுத்தில் இருபது இருபத்தைந்து பெயர்கள். அத்தனையும் மீன் வெட்டுகிற பெண்கள்.

சட்டம் அவருக்கு எதிரானதல்ல என்று விளக்கினேன். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திக்குத்தான் ஆயுத விதிகள் கணக்குப் பார்க்கின்றன. அதிலும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு விலக்கு இருக்கிறது. மீன் வெட்டுகிற கத்தி எவ்வளவு அகலமாக இருந்தாலும் அது தொழிற்கருவிதான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது கரெக்ட்டு சார். ஆனா எங்கியோ ஒருத்தன் எதுனா பண்ணிட்டான்னு வைங்க. கத்தி எவன் அடிச்சதுன்னு தேடுறப்ப, பேப்பர்ல பேரு கீறவனத்தான் மொதல்ல கேப்பாங்க. பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துக்கினு கீறேன்."

சற்று நேரம் கழித்து, சொல்ல வேண்டாம் என்று நினைத்ததைச் சொல்வது போல, "இப்பல்லாம் புள்ளிகூட வெக்கிறதில்ல" என்றார்.

அமெரிக்க ஆண்டு மலரில் செய்தவனுக்குச் சொல்லப்படும் முதல் பாடம் முத்திரை. இங்கே ஒருவர் தன் முத்திரையைத் தானே அழித்துக்கொண்டிருந்தார். பெயர் வேண்டும் என்று அவர் கேட்டபோது கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. கொடுக்க வந்தபோது அவருக்கு அது ஆபத்தாகிவிட்டது. நடுவில் பதினான்கு ஆண்டுகள். 2009இலேயே அந்தப் பெயரை அச்சிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில இரவுகள் யோசித்திருக்கிறேன். ஒன்றும் ஆகியிருக்காது. முந்நூறு பிரதி அச்சான இதழ் அது. ஆனால் அவர் மகளின் வாயால் தன் பெயரை அச்சிலிருந்து ஒருமுறை கேட்டிருப்பார்.

*

பெயர் இல்லாமல் படம் மட்டும் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். புதுக்கத்தி எதுவும் கைவசம் இல்லை. அக்காவிடம் போய்க் கேட்கச் சொன்னார்.

அக்கா இப்போது குப்பத்தில் அதே இடத்தில்தான் உட்கார்கிறார். தலை நரைத்துவிட்டது, இடக்கை அப்படியே இருக்கிறது. அவரிடமிருந்தது 2016இல் வாங்கிய கத்தி, மூன்றாவது. புள்ளி வைத்த காலத்தது. மதிப்புரை எழுதும் மொழி நம்மிடம் இல்லை என்று சொன்னேன் அல்லவா, அவர் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன். முதல் கத்தி நல்ல கனம், ஆனால் நுனி தடித்திருந்ததால் சின்ன மீனுக்கு ஆகவில்லை. இரண்டாவதில் ஆச்சாரி நுனியை மெலித்தார். ஒரு வஞ்சிரத்தின் முள்ளில் பட்டு நுனி உடைந்தது. மூன்றாவதுதான் சரி. கனம் பிடிக்குச் சற்று முன்னால் நிற்கிறது, அதனால் கத்தி தானாக இறங்குகிறது, மணிக்கட்டு வலிப்பதில்லை. குறை என்றால் பிடி. நூல் ஊறினால் நாற்றம் போகாது, ஆறுமாதத்துக்கு ஒருதரம் மாற்றிச் சுற்ற வேண்டும். கடையில் விற்கிற துருப்பிடிக்காத கத்தி? "அது பளபளன்னு கீது. ரெண்டு கொடுவா செதில் எடுத்தா வாய் போச்சி." உப்புக்காற்றில் இது துருப்பிடிக்காதா என்றேன். பிடிக்கும், இராத்திரி தேங்காய் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைக்க வேண்டும் என்றார். "புள்ளையாட்டம்."

வெள்ளைத் துணி கொண்டுபோயிருந்தேன். வலை உலர்த்தும் இரண்டு கழிகளுக்கு நடுவே அதைக் கட்டி வெயிலை வடிகட்டி, ஒரு நீலத் துண்டின் மேல் கத்தியை வைத்துக் கைப்பேசியால் முப்பது படங்கள் எடுத்தேன். சிறுவர்கள் கூடிவிட்டார்கள். காற்று துணியைப் பிடுங்கியது. கலங்கரை விளக்கத்தின் சிவப்புக் கோடு ஒன்று கத்தியில் பிரதிபலித்தது போலிருந்தது. பிறகுதான் அது ஒரு சிறுவனின் சட்டை என்று தெரிந்தது. கடைசியில் இரண்டு படங்கள் தேறின. ஒன்றில் அக்காவின் இடக்கை கத்தியைப் பிடித்திருக்கிறது. மூன்று புள்ளிகளும் தெளிவாக இருந்தன. எனக்கு மிகவும் திருப்தி.

மாலையில் பட்டறைக்குப் போய் ஆச்சாரியிடம் கைப்பேசியை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்குவது எப்படி என்று மகள் சொல்லிக்கொடுத்தாள். பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். பிடிக்கு மேலே, புள்ளிகளுக்குப் பக்கத்தில், ஒரு நூலிழைக் கீறல்.

"அரம் போட்ட கோடு நின்னுடுச்சி சார். அன்னிக்குப் பாக்காம வுட்டிருக்கேன்."

யாருக்கும் தெரியாது என்றேன். அந்தப் பத்திரிகைக்காரனுக்குத் தெரியும் என்றார். நான் மறுக்க முடியவில்லை. அவர் சொன்னது சரி.

"இந்தப் படம் வாணாம். அந்தம்மா கத்தியும் தேஞ்சிதான் போயிருக்கும். வேற ஒண்ணு அடிச்சித் தரேன், அத்தப் புடிங்க. ஒரு பத்து நாள் குடுங்க."

சரி என்றேன். கிளம்பும்போது வாசலில் நின்று, புதியதில் புள்ளி வைப்பீர்களா என்று கேட்டேன்.

கூரையிலிருந்த ஓலைகளில் ஒன்றை உருவி, நகத்தால் கீறிய இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மாவுக்குத்தானே" என்றார். "வெக்கலன்னா வாங்க மாட்டா."